உப்பு இறங்கிய கிணறு

கரிக்கலாம்பாக்கத்து விருத்தாம்பாளுக்குக் கோபம் வந்தால் மாட்டோடு பேசுவாள். சந்தோஷம் வந்தாலும் மாட்டோடுதான் பேசுவாள். மனிதர்களிடம் அவளுக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. "என்னைக் கட்டிக்கினதுக்குப் பதிலா மயிலையைக் கட்டிக்கினு இருக்கலாம்டி நீ" என்று புருஷன் பச்சையப்பன் கேலி செய்வான். அவள் அவனுக்குப் பதில் சொல்ல மாட்டாள். மயிலைக்காளையின் பக்கம் திரும்பி, "கேட்டியாடா பேச்சை" என்பாள்.

அவர்களுக்கு இரண்டு காணி நிலம், ஒரு கிணறு, மயிலை, செவலை என்று ஒரு ஜோடி மாடு. பிள்ளை குட்டி இல்லை. கிணற்றில் கவலை ஓட்டுவது, அதாவது மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது, கல்யாணமான நாளிலிருந்தே விருத்தாம்பாளின் வேலை. பெண்பிள்ளை கவலை ஓட்டுவதை ஊரில் முதலில் பேசினார்கள். பிறகு பேசிப் பேசி அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். பச்சையப்பன் குரலுக்கு மாடுகள் இறவைச் சரிவில் பாதி வரைக்கும்தான் போகும். அவள் குரலுக்கு அடிவரைக்கும் போகும்.

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் புயல் அடித்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அடித்து ஓய்ந்தபோது வைக்கோல் போர் இருந்த இடத்தில் போரின் வட்டம் மட்டும் இருந்தது. மாடுகளை அவிழ்த்துவிடப் போன பச்சையப்பனின் முழங்காலுக்குக் கீழே தொழுவத்து உத்திரம் விழுந்தது. மாடுகள் பிழைத்தன, கால் முறிந்தது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, தை பிறக்கிற வரையில் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கதிர் வாங்க இருந்த சம்பா தண்ணீருக்குள் படுத்துக்கொண்டது. ஊரிலே யாரிடமும் ஒரு கட்டு உலர்ந்த வைக்கோல் கிடையாது. வேப்பங்குழையும் வாழைப்பட்டையும் தின்று மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் கொம்யூன் தலையாரி தமுக்கு அடித்துக்கொண்டு வந்தான். புதுச்சேரிப் பட்டணத்தில் கடல் ஏறி, கடலோரத்துக் குப்பங்களின் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. கவலை மாடும், தண்ணீர் மொள்ளுகிற சாலும், அதை இழுக்கிற வடமும் கொண்டுவந்து இறைப்பவர்களுக்குக் கூலி உண்டு. மாட்டுக்கு வைக்கோலும் தவிடும் சர்க்காரே போடும்.

விருத்தாம்பாள் காதில் கடைசி வார்த்தைதான் விழுந்தது.

"நான் போறேன்" என்றாள் வீட்டுக்குள் வந்து.

பச்சையப்பன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். "பட்டணத்துக்கா? நீயா? எதுத்த வூட்டுச் செல்லப்பனை அனுப்பலாம்டி."

"செல்லப்பன் கொரலுக்கு மயிலை நவுராது."

"எனக்குக் கஞ்சி?"

"உன் அக்கா மணியம்மா ஊத்துவாங்க. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

பச்சையப்பன் கூரையைப் பார்த்தான். கூரையில் பாதிக்கு மேல் வானம் தெரிந்தது. "கவலை ஓட்டுறவளுக்கு இன்னா கவலை. போய்ட்டு வா. மாட்டைப் பார்க்கிற மாரி உன்னையும் கொஞ்சம் பாத்துக்க" என்றான்.

மாடுகளை வண்டியில் பூட்டிப் புறப்பட்டாள். பத்துக் கல் தொலைவு. வழியெல்லாம் புளியமரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அங்கங்கே வண்டி போகிற அளவுக்கு மட்டும் அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். தவளக்குப்பம் தாண்டி, அரியாங்குப்பத்து ஆற்றைக் கடந்து, முதலியார்பேட்டைக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பட்டணத்தை அவள் மாசி மகத்துக்கு இரண்டு முறை பார்த்திருக்கிறாள். இப்போது பார்த்தது வேறு பட்டணம். கடற்கரை ரஸ்தாவில் இரும்பு விளக்குக் கம்பங்கள் தலை குனிந்து நின்றன. ஒரு சர்க்கார் கச்சேரியின் வாசல் படிகளில் சேவகர்கள் நனைந்த காகிதங்களைப் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு கூழாங்கல்லை வைத்துக் காயவைத்திருந்தார்கள்; பொழுது போய்விட்டதால் அப்போது கல்லை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் மதில் இடிந்திருந்தது. அதன் முற்றத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கப்பல் சரக்கு இறக்குகிற பெரிய சலங்குப் படகு ஒன்று, யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல நேராக நின்றுகொண்டிருந்தது.

"பாத்தியாடா, படகு பாடம் படிக்க வந்திருக்குது" என்றாள் மயிலையிடம்.

அவளுக்கு ஒதுக்கிய கிணறு குருசுக்குப்பத்தில் இருந்தது. இறைப்பு வேலையை மேற்பார்க்கிற மேஸ்திரி பலராமன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கிணற்றைக் காட்டினார். ஐம்பது வயது, கதர்த் தொப்பி போன்ற ஒரு பழைய தொப்பி, மேல்பையில் ஒரு நோட்டுப் புத்தகம். அவளைப் பார்த்ததும் வண்டிக்குப் பின்னால் ஆண்பிள்ளை யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள் விருத்தாம்பாள்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு முந்நூறு சாலு இறைக்கணும். முடியுமா?"

"மாடு இறைக்கும். நான் கூட நடக்கப்போறேன்."

மேஸ்திரி நோட்டில் பெயரை எழுதிக்கொண்டார்.

கிணற்றடியில் ஒரு மீனவப் பெண் இடுப்பில் கைவைத்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கலியம்மாள். அவள் வீடு கிணற்றுக்கு எதிரே. சுவர் நாலும் இருந்தன, கூரை இல்லை. புருஷன் கண்ணையன் சலங்குப் படகில் துடுப்புப் போடுகிறவன். பள்ளிக்கூடத்தில் நின்ற படகு அவனும் அவன் கூட்டாளிகளும் ஓட்டியதுதான்.

"மாடு கட்ட எடம் இருக்குது. ஆளு படுக்கத்தான் எடம் இல்லை. மேல கூரை இல்லாத எடம்னா பரவாயில்லையா?" என்று கேட்டாள் கலியம்மாள்.

"என் வூட்லயும் பாதிக்கு இல்லை" என்றாள் விருத்தாம்பாள்.

கலியம்மாள் சிரித்துவிட்டாள். அன்றே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

ஊர்க் கிணற்றில் மாடுகள் இறங்கி நடக்கச் சரிவு இருக்கும். இங்கே சமதரை, அதுவும் மணல். மாட்டுக்கால் கணுவரை புதைந்தது. கலியம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டாள். விழுந்து கிடந்த தென்னைமட்டைகளை இழுத்துவந்து மாடு நடக்கிற தடம் முழுவதும் பரப்பினார்கள். உடைந்த கட்டுமரத்துக் கட்டைகளைக் கிணற்றின்மேல் நிறுத்திக் கப்பியைக் கட்டினார்கள். விருத்தாம்பாள் மாட்டை ஓட்டினால், மேலே வருகிற இரும்புச் சாலைப் பிடித்துச் சாய்க்க ஓர் ஆள் வேண்டும். அதற்குக் கலியம்மாளே நின்றாள். மீன் கிடையாது, கூடை தூக்கிப் போக வழி கிடையாது. சும்மா இருப்பதற்கு இது மேல் என்றாள். சாய்த்த தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்குள் ஊறிவிடாமல் கடல் வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள்.

முதல் நாள் கிணற்றிலிருந்து வந்தவை: ஒரு வலை, இரண்டு கதவு, செத்த கோழிகள், எந்தக் கடையிலிருந்தோ அடித்துவந்த ஒரு பெயர்ப்பலகை. இரண்டாம் நாள் சேறு. மூன்றாம் நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. கலியம்மாள் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றி, உடனே துப்பினாள்.

"கடல் தண்ணியே தேவலாம்" என்றாள்.

நாலாம் நாள், ஐந்தாம் நாள், முந்நூறு முந்நூறாக இறைத்தார்கள். உப்பு குறைவதாக இல்லை. குடிக்கிறதற்குப் பீப்பாய் வண்டி முத்திரைப்பாளையத்திலிருந்து காலையில் வரும். வீட்டுக்கு ஒரு குடம். அதில்தான் சமையல், குடி, குழந்தைகள், கிழவர்கள், எல்லாம். மாட்டுக்குக் கேட்டால் வண்டிக்காரர் முறைப்பார். கலியம்மாள் தன் பங்கிலிருந்து ஊற்றுவாள். மயிலை அதைக் குடித்துவிட்டு இன்னும் கொண்டு வா என்று பார்க்கும். கிணற்றுத் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்காது.

மூன்று கிணறு தள்ளி வில்லியனூர் பக்கத்திலிருந்து வந்திருந்த சூசைநாதன் இறைத்தார். நல்ல மாடுகள், நல்ல ஆள். கழுத்தில் சிலுவை கட்டிய கறுப்புக் கயிறு, வாயில் எப்போதும் ஒரு பாட்டு. அவர் நாளைக்கு நானூறு சால் இறைத்துவிடுவார். மேஸ்திரி அவரைத்தான் மற்றவர்களுக்குக் காட்டிக் காட்டிப் பேசுவார்.

ஆறாம் நாள் காலையில் மயிலை நொண்டியது. முன்னங்கால் குளம்பின் பிளவில் உடைந்த கிளிஞ்சல் ஒன்று ஏறியிருந்தது. விருத்தாம்பாள் அதைப் பிடுங்கி எடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சி ஊற்றித் துணி கட்டினாள். வேலை நின்றது. மேஸ்திரி வந்து காலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், நோட்டில் ஒரு கோடு போட்டார்.

"எத்தனை நாளு ஆவும்?"

"அது சொல்லும்."

"அது சொல்லுமா!" என்றார் மேஸ்திரி, ஆனால் வேறு ஜோடி கிடைக்காததால் மேலே ஒன்றும் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் போனார்.

மூன்று நாள் விருத்தாம்பாளுக்கு வேலை இல்லை. சும்மா இருக்கத் தெரியாதவள். கலியம்மாள் வீட்டுக்கு மூங்கில் கட்டிக் கூரை போட உதவினாள். மட்டையைப் பிளந்து கீற்று முடைய அவளுக்குக் கை நன்றாக வரும். கலியம்மாளுக்கு முடிச்சுப் போடக் கை வரும். ஒருத்தி முடைய ஒருத்தி கட்ட, இரண்டு பெண்களும் கூரைமேல் ஏறி உட்கார்ந்தபடி பட்டணத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒரு வீட்டில் ஓடு மாற்றினார்கள். இங்கே ஒரு தெருவில் தந்திக்கம்பம் நட்டார்கள். மாதா கோயில் மணியை, விழுந்த இடத்திலிருந்து தூக்கிக் கட்டி, அடித்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் முதலியார்பேட்டைப் பக்கமிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"இன்னா அது?" என்றாள் விருத்தாம்பாள்.

கலியம்மாள் கையில் இருந்த கயிற்றை அப்படியே வைத்துவிட்டாள். "மில்லு சங்கு, அக்கா. புயலுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் ஊதுறான்." தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தத் திக்கைப் பார்த்து நின்றார்கள்.

அன்று மயிலையின் கட்டை அவிழ்த்துக் கழுவ வேண்டியிருந்தது. கழுவத்தானே, உப்புத் தண்ணீர் புண்ணுக்கு நல்லதுதான் என்று, விருத்தாம்பாள் ஒரு சின்ன மண்தோண்டியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினாள். மாடு கட்டாமல் கையால் இறக்கியதால் தோண்டி ஆழப் போகவில்லை. மேலாக முகந்துகொண்டு வந்தது. தோண்டியை மயிலையின் காலடியில் வைத்துவிட்டுக் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்துவிட்டுத் தோண்டியைத் தேடினால் மயிலையின் வாய் அதற்குள் இருந்தது. உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது.

மாடு தோண்டியைக் காலி செய்து, நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தது.

இன்னொரு தோண்டி முகந்து அவளும் குடித்துப் பார்த்தாள். உவர்ப்பு இருந்தது. ஆனால் துப்புகிற உவர்ப்பு இல்லை. விழுங்கலாம்.

"கலியம்மா, இங்க வா. இதைக் குடி."

கலியம்மாள் குடித்தாள். "பீப்பாய் வண்டித் தண்ணியா?"

"உன் கெணத்துத் தண்ணி."

கலியம்மாள் இன்னொரு மடக்குக் குடித்துவிட்டு, கிணற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள், யாரோ உள்ளே உட்கார்ந்து வேலை செய்வதுபோல.

விருத்தாம்பாள் மயிலையின் பக்கத்தில் மணலில் குந்திவிட்டாள். அவள் பிறந்த ஊர் மணப்பட்டு. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருக்கிற ஊர். அங்கே கிணறு கிடையாது. மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி பறிப்பார்கள். ஊற்று மெல்லச் சுரக்கும். அதைக் கொட்டாங்கச்சியால் மேலாக மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு அள்ளினாலோ ஆழப் பறித்தாலோ அடியிலிருந்து உப்பு வந்துவிடும். அப்புறம் அந்தக் குழி இரண்டு நாளைக்கு ஆகாது. மழைத் தண்ணீர் லேசு, மேலே நிற்கும். கடல் தண்ணீர் கனம், கீழே கிடக்கும். ஏழு வயதில் அவளுக்கு இது தெரியும். கரிக்கலாம்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு, அறுபதடிக் கிணற்றுத் தண்ணீர் குடித்து இருபது வருஷத்தில் மறந்தேபோயிற்று.

"முந்நூறு சாலு இறைச்சோம் பாரு. கடலை இல்ல கூப்புட்டுக் கூப்புட்டு உள்ள வுட்டிருக்கோம்" என்றாள். இந்தத் தடவை மாட்டிடம் சொல்லவில்லை. கலியம்மாளிடம்தான் சொன்னாள்.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். விருத்தாம்பாள் விஷயத்தைச் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியது கிடையாது; நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க நிறுத்தினாள்.

மேஸ்திரி கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "ஏம்மா, கெட்ட தண்ணியை இறைச்சாத்தான் நல்ல தண்ணி ஊறும். இது ஒலகம் பூரா உள்ள நாயம். நீ இறைக்காம இருக்கிறதுக்கு நாயம் சொல்றே."

"உங்க ஊரு நாயம் அது. கடலோரத்து நாயம் வேற."

"நான் இந்த ஊர்லயே பொறந்தவன்."

"கொழாய்த் தண்ணி குடிச்சு வளந்திருப்பீங்க."

கலியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மேஸ்திரிக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் நேர்மையான மனிதர். அவள் சொன்னது உண்மை என்பதால்தான் சிவந்தது.

"சரி. காட்டு பாப்போம்" என்றார்.

கலியம்மாள் இரண்டு செம்புகளை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒன்றில் சூசைநாதன் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் இந்தக் கிணற்றுத் தண்ணீர். எது எது என்று சொல்லாமல் நீட்டினாள். மேஸ்திரி முதல் செம்பை வாயில் வைத்தார், காறித் துப்பினார். இரண்டாவதை வைத்தார். கொஞ்சம் விழுங்கினார். இன்னும் கொஞ்சம் விழுங்கினார்.

"இது எந்தக் கெணறு?"

"நொண்டி மாட்டுக் கெணறு" என்றாள் கலியம்மாள்.

பின்னாலேயே வந்து நின்ற சூசைநாதன், "அப்போ நான் நானூறு நானூறா இறைச்சது?" என்று கேட்டார். அவர் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "எட்டு நாளா, இறைச்சது போதலைன்னு மாடு மேல கோவப்பட்டுக்கினு இருந்தேன். இனிமே மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

மறுநாள் மேஸ்திரி பிரெஞ்சுக்கார எஞ்சினியர் துரையைப் பார்க்கப் போனார். போனவர் வர மத்தியானம் ஆயிற்று. வந்தபோது தொப்பி கையில் இருந்தது. என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நல்ல பேச்சு வாங்கியிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. "ஒரு வாரம் குடுத்திருக்காரு. குப்பத்துக் கெணறு எட்டுக்கும். ஒரு வாரத்துல தேறலைன்னா கெணத்தை மண்ணு போட்டுத் தூத்துடுவாங்களாம்" என்றார்.

அந்த ஒரு வாரத்தில் எட்டுக் கிணற்றிலும் காலையில் நாற்பது சால்தான். அதுவும் சாலை மேலாக முக்கி, மெல்ல, இடைவெளி விட்டு. பிறகு கிணற்றைத் தட்டியால் மூடிப் போட்டுவிட வேண்டும். பொறுமையாக இருப்பது இறைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. பெண்கள் மணிக்கு ஒரு தடவை வந்து தட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். சூசைநாதன் தன் கிணற்றின் மேல் குந்திக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. மேஸ்திரி காலையும் மாலையும் எட்டுக் கிணற்றிலும் ருசி பார்த்துப் பார்த்து, வயிறு ஊதிப்போய், நோட்டில் எழுதினார்.

மாடுகளுக்குப் பகலில் வேலை இல்லை. குப்பத்துக்காரர்களுக்கு வேலை இருந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் நின்ற சலங்குப் படகைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். இருபது ஆட்கள் தோள் கொடுத்தும் அது அசையவில்லை. மயிலையின் கால் ஆறியிருந்தது. விருத்தாம்பாள் தன் ஜோடியைக் கொண்டுவந்தாள், சூசைநாதன் தன் ஜோடியைக் கொண்டுவந்தார். படகின் மூக்கில் கவலை வடத்தைக் கட்டினார்கள். அடியில் உருட்டுவதற்குத் தென்னந்துண்டுகள். கண்ணையனும் கூட்டாளிகளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கடலில் துடுப்புப் போடும்போது பாடுகிற பாட்டை எடுத்தார்கள்.

மாடுகளுக்கு அந்தப் பாட்டுப் பழக்கமில்லை. காதை விடைத்துக்கொண்டு நின்றன.

"தோ, பொறு" என்று சொல்லிவிட்டு, விருத்தாம்பாள் தன் குரலில் கவலைப் பாட்டை எடுத்தாள். ஊரில் கிணற்றடியில் தனியாகப் பாடுவது. பட்டணத்துத் தெருவில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கன்னியாஸ்திரீகளும் கச்சேரிச் சேவகர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பாடினாள். நாலு மாடும் ஒன்றாகத் தோளைக் கொடுத்தன. படகு முனகியது, பிறகு நகர்ந்தது. இரண்டு தெருவையும் கடக்க அரை நாள் ஆயிற்று. கடைசியில் மணலில் இறங்கி அலை அதன் அடியைத் தொட்டபோது கண்ணையன் அழுதுவிட்டான். முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டான்.

அந்த வாரத்தின் கடைசி இரண்டு நாளும் நல்ல மழை. புயல் மழை இல்லை. கார்த்திகை மாதத்துக்கு வழக்கமான, நின்று நிதானமாகப் பெய்கிற மழை. விருத்தாம்பாள் புதுக் கூரையின் கீழ் உட்கார்ந்து, சொட்டு இறங்குகிறதா என்று பார்த்தாள். ஒரே ஒரு இடத்தில் இறங்கியது. அது கலியம்மாள் போட்ட முடிச்சா, தான் முடைந்த கீற்றா என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மழை விட்ட மறுநாள் வெள்ளிக்கிழமை. குப்பத்தில் அன்று மீன் சமைக்க மாட்டார்கள். கலியம்மாள் கிணற்றிலிருந்து ஒரு தோண்டி முகந்து உலையில் வைத்து, துவரம்பருப்பைப் போட்டாள். உப்புத் தண்ணீரில் பருப்பு எத்தனை நாழி கொதித்தாலும் வேகாமல் விறைப்பாகவே கிடக்கும். புயலுக்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவைத்தது கிடையாது. அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். மேஸ்திரியும் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார், உள்ளே வரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல்.

கலியம்மாள் அகப்பையால் நாலு பருப்பை எடுத்து விரலில் வைத்து நசுக்கினாள். பருப்பு மாவாக நசுங்கியது.

அந்த விரலை வாசலுக்குக் கொண்டுபோய் மேஸ்திரிக்குக் காட்டினாள்.

"வெந்துட்டுது" என்றார் மேஸ்திரி. நோட்டை எடுத்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 'குருசுக்குப்பம், கிணறு நம்பர் 3. பருப்பு வெந்தது.' அதை அப்படியே எஞ்சினியர் துரைக்கும் மொழிபெயர்த்துச் சொன்னதாகவும், துரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வைத்திக்குப்பத்துக் கிணறுகளையும் அப்படியே செய்யச் சொன்னதாகவும் பிறகு சொன்னார்.

அன்று அந்தத் தெருவில் பத்து வீட்டில் பருப்புக் குழம்பு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விருத்தாம்பாளுக்கு ஒரு கிண்ணம் வந்தது. அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். மறுத்துச் சொல்ல அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

எட்டுக் கிணறும் தேற மார்கழி பாதி ஆயிற்று. சூசைநாதனின் கிணறுதான் கடைசி. அதிகம் இறைத்த கிணறு அல்லவா. அவர் போகிற நாளில் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு கொண்டுவந்து விருத்தாம்பாளுக்குக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, "நல்லா இருக்குது, அண்ணே" என்றாள். அவர் பாடிக்கொண்டே வில்லியனூர் ரஸ்தாவில் வண்டியைத் திருப்பினார்.

விருத்தாம்பாள் திரும்பும்போது வண்டி நிறைய வைக்கோல். மேஸ்திரி தன் பொறுப்பில் இரண்டு கட்டு அதிகம் போடச் சொல்லியிருந்தார். பட்டணத்தில் விளக்குக் கம்பங்கள் நிமிர்ந்திருந்தன. பள்ளிக்கூடத்து மதிலில் கொத்தனார்கள் கடைசி வரிசைக் கல்லை வைத்துக்கொண்டிருந்தார்கள். மயிலையும் செவலையும் கொழுத்திருந்தன.

பச்சையப்பன் வைத்தியர் பேச்சை மீறிக் கோல் ஊன்றி வேலியருகே நின்றான். "மாட்டுக்கு ஒடம்பு போட்டிருக்குது. உனக்கும் போட்டிருக்குது. எனக்கு மட்டும் எங்க அக்கா கஞ்சி" என்றான். அவள் அன்று சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள், கிணறு, படகு, பருப்பு எல்லாம். அவன் கையில் எடுத்த சோறு காய்ந்தது. பத்து வருஷத்துக்கு உண்டானதை ஒரே மூச்சில் பேசுகிறாளே என்று அவன் வாயைத் திறக்கவே இல்லை.

சம்பா போனதற்குப் பதிலாகக் கேழ்வரகு நட்டார்கள். தை கடைசியில் கேழ்வரகுக்கு இறவைத் தண்ணீர் தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில் ஒருநாள் காலையில் கலியம்மாளும் கண்ணையனும் நடந்து வந்தார்கள். கூடையில் கருவாடு. கலியம்மாள் மாடுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்து, அறுபதடிக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "ஐயோ, இது இன்னா இவ்வளவு ஆழம்" என்றாள்.

"இங்க ஆழமா இறைக்கலாம். எவ்வளவு வேணாலும் இறைக்கலாம்" என்றாள் விருத்தாம்பாள்.

"எனக்கு ஓட்டக் குடு, அக்கா. அங்க நான் சாலுதானே சாய்ச்சேன்."

விருத்தாம்பாள் அவளை மாடுகளுக்குப் பின்னால் இழுபடுகிற வடத்தின்மேல் உட்காரவைத்தாள். சால் நிறைந்ததும் மாடுகள் சரிவில் இறங்க ஆரம்பித்தன. கடலில் எத்தனையோ அலை ஏறி இறங்கிய கலியம்மாள், இந்தச் சரிவுக்குப் பயந்து வடத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பாதிச் சரிவில் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. பின்னால் தண்ணீர் தொட்டியில் விழுந்து கேழ்வரகுப் பாத்திக்கு ஓடியது. வரப்பில் உட்கார்ந்திருந்த பச்சையப்பன் கண்ணையனிடம், "உம் பொண்டாட்டி இனிமே மீன் கூடை தூக்க மாட்டா, பாத்துக்கப்பா" என்றான்.

மாடுகள் பின்வாங்கி மேலே ஏறின. கலியம்மாள் இறங்க மாட்டேன் என்றாள். "இன்னும் ஒரு தடவை" என்றாள். விருத்தாம்பாள் மயிலையின் முதுகில் தட்டிப் பாட்டை எடுத்தாள்.